சங்கத்தின் ஆர்வக் குழுக்களைத் திருத்தி அமைப்பது எப்படி: யாப்பிலிருந்து அலுமாரிச் சாவி வரை

திருகோணமலையில் எங்கள் நூலகர் சங்கத்துக்கு ஒன்பது ஆர்வக் குழுக்கள் இருந்தன. பகுப்பாக்கம், பட்டியலாக்கம், சிறுவர் பகுதி, பாடசாலை நூலகம், நடமாடும் நூலகம், கணினிமயமாக்கல், டிஜிட்டல் ஆவணம், நூல் பேணல், உள்ளூர் வரலாற்றுச் சேகரிப்பு. உறுப்பினர்களோ 112 பேர்தான். ஒருவரே மூன்று குழுவில் இருப்பார், மூன்றுக்கும் போகமாட்டார்.

இந்த ஒன்பதையும் நான்காக்கும் வேலையைச் செயலாளர் என்ற முறையில் என் தலையில் கட்டினார்கள். ஐந்து மாதத்தில் முடிந்திருக்க வேண்டியது ஒரு வருடமும் சொச்சமும் இழுத்தது. பாதித் தவறு என்னுடையது. நீங்கள் கணக்காளர் சங்கமோ பொறியியலாளர் சங்கமோ தாதியர் சங்கமோ, முதல் தடவை இந்த வேலையில் இறங்குகிறீர்கள் என்றால் கீழே உள்ள வரிசையில் போங்கள். வரிசை முக்கியம். நான் நாலாவதைச் செய்துவிட்டுத்தான் முதலாவதுக்கு வந்தேன்.

1. யாப்பைத் தேடி எடுங்கள்

முதலில் யாப்பின், அதாவது சங்கத்தின் அமைப்பு விதிகளின், முழுப் பிரதி வேண்டும். பின்னால் வந்த திருத்தங்களும் சேர்ந்த பிரதி. எங்கள் கோவையில் இருந்தது மூலப் பிரதி மட்டும். இரண்டு திருத்தங்கள் ஒரு முன்னாள் தலைவரின் வீட்டில், கல்யாண அல்பங்களுக்கு அடியில் இருந்தன.

யாப்பை வைத்துக்கொண்டு மூன்று விடயம் பாருங்கள்.

ஒன்று, குழுக்களை உருவாக்கவும் கலைக்கவும் அதிகாரம் யாருக்கு? நிர்வாக சபைக்கு என்று இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். பொதுச்சபைக்கு என்று இருந்தால் கூட்டம் வைத்தே ஆகவேண்டும்.

இரண்டு, குழுக்களின் பெயர்கள் யாப்புக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கின்றனவா? எங்களுடையதில் ஒன்பது பெயரும் வரிசையாக இருந்தன. அதனால் ஒரு குழுவின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றுவதற்கும் யாப்புத் திருத்தம் தேவைப்பட்டது. உங்களுக்கும் இப்படி இருந்தால், இந்த முறை திருத்தும்போதே பெயர்களை யாப்பிலிருந்து எடுத்துத் துணைவிதிக்கு மாற்றிவிடுங்கள். யாப்பில் ‘நிர்வாக சபை காலத்துக்குக் காலம் தீர்மானிக்கும் ஆர்வக் குழுக்கள்’ என்ற ஒரு வரி இருந்தால் போதும். அடுத்து வரும் செயலாளர் உங்களை வாழ்த்துவார்.

மூன்று, சங்கம் எதன் கீழ் பதிவாகியிருக்கிறது? இதைப் பொறுத்துத்தான் கடைசிக் கட்ட வேலை மாறும். பெரும்பாலும் இவற்றில் ஒன்றாக இருக்கும்:

- 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழ் பதிவான சங்கம். எங்களுடையது இந்த வகை, மாவட்டச் செயலகத்தில் பதிவு.
- 1891 ஆம் ஆண்டின் சங்கங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் பதிவானது.
- 2007 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி. இங்கே சங்க விதிகளை மாற்ற விசேட தீர்மானம் வேண்டும், அதாவது அளிக்கப்படும் வாக்குகளில் 75 வீதம். பிறகு கம்பனிப் பதிவாளருக்கும் அறிவிக்க வேண்டும்.
- பாராளுமன்றச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட தேசிய அமைப்பின் கிளை. அப்படியென்றால் நீங்கள் தனியாக எதையும் தீர்மானிக்க முடியாது. கொழும்பிலுள்ள தலைமைச் சபைக்கு முதலில் எழுதிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ‘பிரச்சினையில்ல, செய்யுங்கோ’ என்று சொன்னவர் அடுத்த வருடம் பதவியில் இருக்கமாட்டார்.

திருகோணமலைக்காரருக்கு இன்னொன்று. யாப்பு எத்தனை மொழியில் இருக்கிறது, முரண்பாடு வந்தால் எந்த மொழிப் பிரதி செல்லும் என்று பாருங்கள். எங்கள் தமிழ்ப் பிரதியில் ‘மூன்றில் இரண்டு’ என்று இருந்தது. சிங்களப் பிரதியில் வெறும் பெரும்பான்மை. கந்தளாய் உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டும் வரை ஒருவருக்கும் தெரியாது. நல்லவேளை, கூட்டத்துக்கு முன்பே சொன்னார்.

2. எந்தக் குழுவுக்கு உயிர் இருக்கிறது என்று எண்ணுங்கள்

ஒரு தாளில் கோடு போட்டு ஒவ்வொரு குழுவுக்கும் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: கடைசியாகக் கூடியது எப்போது, அமைப்பாளரைத் தவிர எத்தனை பேர் வந்தார்கள், கடந்த இரண்டு வருடத்தில் என்ன செய்தார்கள், கையில் காசு எவ்வளவு, பொருள் என்ன.

வட்ஸ்அப் குழுவின் எண்ணிக்கையை வைத்து உயிரைக் கணிக்காதீர்கள். எங்கள் நூல் பேணல் குழுவில் 64 பேர். ஒரு வருடத்துச் செய்திகளைக் கீழிருந்து மேலே தள்ளிப் பார்த்தேன். காலை வணக்கம், பிறந்தநாள் வாழ்த்து, ஒரு மரண அறிவித்தல், வாடகைக்கு வீடு. கறையானைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மாறாக, பாடசாலை நூலகக் குழுவுக்கு வட்ஸ்அப்பே கிடையாது. ஏழு ஆசிரியைகள் தவணைக்கு ஒருமுறை ஒரு பாடசாலையில் கூடி, கழிக்க வேண்டிய புத்தகங்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அறிக்கை எழுதாததால் நிர்வாக சபை அதைச் செத்த குழு என்று நினைத்திருந்தது. ஆகவே தாளை நிரப்புவதற்கு முன் ஆளிடம் போய்க் கேளுங்கள்.

3. காசு, பொருள், சாவி

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் வாசிக்க நேரமிருந்தால் இதை வாசியுங்கள்.

ஒரு குழுவைக் கலைக்கத் தீர்மானம் எடுப்பது பத்து நிமிட வேலை. ஆனால் ஒரு குழுவின் பெயரில் இருந்த வங்கிக் கணக்கை மூட எங்களுக்கு ஏழு மாதம் சென்றது. நடமாடும் நூலகக் குழு ஒரு காலத்தில் நன்கொடை வாங்கித் தனிக் கணக்குத் திறந்திருந்தது. அதில் 64,300 ரூபாய் கிடந்தது. கையொப்பக்காரர் மூவர், அவர்களில் இருவர் சேர்ந்து ஒப்பமிட வேண்டும். ஒருவர் காலமாகிவிட்டார். ஒருவர் கனடாவில். மூன்றாமவர் இங்கேதான் இருக்கிறார், ஆனால் அவருடைய கையொப்பம் மாறிவிட்டது. வங்கி ஏற்க மறுத்தது. வங்கியில் குற்றமில்லை, அவர்கள் வேலை அது.

நாங்கள் செய்த பெரிய பிழை, குழுவைக் கலைத்து முடித்த பிறகு வங்கிக்குப் போனது. ‘குழுவே இல்லையென்று நீங்களே தீர்மானம் எடுத்திருக்கிறீர்கள், இப்போது யார் யாருடைய சார்பில் வந்திருக்கிறீர்கள்?’ என்று முகாமையாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்ல முடியவில்லை.

சரியான முறை இதுதான்: குழு இன்னும் இருக்கும்போதே அதன் கூட்டம் ஒன்றைக் கூட்டி, கணக்கை மூடி மீதியைச் சங்கத்தின் பிரதான கணக்குக்கு மாற்றத் தீர்மானியுங்கள். வங்கி எங்களிடம் கேட்ட ஆவணங்கள் இவை. உங்கள் வங்கி ஒன்றிரண்டைக் கூட்டிக் குறைக்கலாம், ஆனால் இவற்றை எடுத்துக்கொண்டு போனால் இரண்டாம் நடை மிச்சம்:

- தீர்மானம் உள்ள கூட்டறிக்கைப் பகுதியின் பிரதி, தலைவரும் செயலாளரும் ஒப்பமிட்டு, சங்க முத்திரை குத்தியது
- சங்கத்தின் பதிவுச் சான்றிதழ், யாப்பு, இரண்டின் பிரதிகளும்
- பழைய கையொப்பக்காரரின் விலகல் கடிதம் அல்லது மரணச் சான்றிதழ்ப் பிரதி
- புதிய கையொப்பக்காரரின் தேசிய அடையாள அட்டைப் பிரதி, முகவரியைக் காட்டும் மின்சாரப் பட்டியல் அல்லது கிராம உத்தியோகத்தரின் சான்று
- வங்கிப் புத்தகம், பாவிக்காத காசோலைத் தாள்கள்

மூலப் பத்திரங்களையும் கையோடு கொண்டு போங்கள், ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் எழுத்து அடையாள அட்டையில் ஒரு மாதிரியும் கூட்டறிக்கையில் இன்னொரு மாதிரியும் இருந்தால் திருப்பி அனுப்புவார்கள். எங்கள் பொருளாளர் ஜெயலட்சுமியா ஜெயலஷ்மியா என்ற கேள்விக்கு ஒரு முழுக் காலை போனது. வெளிநாட்டில் இருப்பவரின் கடிதம் என்றால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்திலோ நொத்தாரிசு முன்னோ உறுதிப்படுத்தி அனுப்பச் சொல்லுங்கள். வட்ஸ்அப்பில் வரும் படத்தை எவரும் ஏற்கமாட்டார்கள். தபாலுக்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள்.

இன்னும் அசட்டையாக விட்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பத்து வருடம் எந்தத் தொடர்பும் இல்லாமல் கிடக்கும் கணக்கு கைவிடப்பட்ட சொத்தாக மத்திய வங்கிக்குப் போய்விடும். பிறகும் உரிமை கோரலாம், ஆனால் அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

அடுத்தது பொருள். மடிக்கணினி, ஸ்கானர், புத்தகப் பெட்டிகள், பதாகை, ரப்பர் முத்திரை, அலுமாரி. ஒவ்வொன்றுக்கும் பொருட்பதிவேட்டில் ஒரு வரி, ஒப்படைத்தவர் கையொப்பம், ஏற்றவர் கையொப்பம், திகதி. எங்கள் டிஜிட்டல் ஆவணக் குழுவின் ஸ்கானர் மூதூரில் ஒரு வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பிள்ளை அதில் ஏ எல் பாடக் குறிப்புகளை ஸ்கான் செய்துகொண்டிருந்தான். கோபிக்க மனம் வரவில்லை. சங்கத்தில் இருந்ததைவிட அங்கேதான் அது வேலை செய்திருக்கிறது.

கடைசியாகக் கண்ணுக்குத் தெரியாத சாவிகள்: ஜிமெயில் கடவுச்சொல், பேஸ்புக் பக்கத்தின் நிர்வாகி யார், கூகுள் டிரைவ் யாருடைய கணக்கில் இருக்கிறது. டிரைவில் உள்ள கோப்புகளை அந்த நபர் இருக்கும்போதே சங்கக் கணக்குக்கு மாற்றிவிடுங்கள். அவர் வேலை மாறிப் போனபின் கெஞ்சவேண்டி வரும்.

4. எழுதுவதற்கு முன் போய்ப் பேசுங்கள்

நான் முதலில் செய்தது, வீட்டில் இருந்தபடி அழகான ஒரு வரைபடம் கீறி எல்லோருக்கும் அனுப்பியது. ஒன்பது பெட்டி நான்கு பெட்டியாகிறது, நடுவில் அம்புக்குறி. அன்றிரவே உள்ளூர் வரலாற்றுக் குழுவின் அமைப்பாளர், ஓய்வுபெற்ற நூலகர், தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, இருபது வருஷமா நான் சேர்த்த பத்திரிகைத் துண்டெல்லாம் உம்மட எந்தப் பெட்டிக்குள்ள வருது?”

“ஐயா, ஆவணமும் பேணலும் எண்ட குழுவுக்குள்ள...”

“என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீரா?”

கேட்கவில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்காததால் மூன்று மாதம் அவர் ஒத்துழைக்கவில்லை. அவர் பின்னால் இருந்த பதினைந்து வாக்கும் அசையவில்லை. பிறகு உப்புவெளியில் அவர் வீட்டுக்குப் போய், வெறுந்தேத்தண்ணி குடித்து, அந்தத் துண்டுகளை அவர் காட்டக் காட்ட இரண்டு மணி நேரம் பார்த்தேன். போகும்போது அவரே ஒரு யோசனை சொன்னார்: பேணல் குழுவும் டிஜிட்டல் குழுவும் தன் குழுவோடு சேரட்டும், ஏனென்றால் கடற்காற்றில் தாள் பொரிந்துபோகும் ஊரில் ஸ்கான் செய்வதும் பேணுவதும் ஒரே வேலை. என் வரைபடத்தில் இருந்ததும் அதுதான். ஆனால் இப்போது அது அவருடைய யோசனை.

ஒவ்வொரு அமைப்பாளரையும் நேரில் பாருங்கள். நகரத்தை விட்டு வெளியே போங்கள். கிண்ணியா, மூதூர், கந்தளாய், குச்சவெளி, முடிந்தால் வெருகல். பஸ்ஸில் போய்வர ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் வையுங்கள். ‘எல்லாம் ரவுணுக்குள்ளேயே தீர்மானிக்கிறீர்கள்’ என்ற குற்றச்சாட்டு கூட்டத்தில் எழாமல் இருக்க இதைவிட மலிவான வழி இல்லை.

எதை எதோடு சேர்ப்பது என்பதற்கு நான் கண்ட ஒரே அளவுகோல்: இரண்டு குழுவிலும் ஆட்கள் ஒரே கேள்வியைக் கேட்கிறார்களா? பட்டியலாக்கக் குழுவும் கணினிமயமாக்கல் குழுவும் கோஹா என்ற நூலக மென்பொருளில் பதிவுகளை எப்படி ஏற்றுவது என்றே தனித்தனியாக மண்டையை உடைத்துக்கொண்டிருந்தன. தமிழ்த் தலைப்புகள் தேடலில் வராத சிக்கலும் இரண்டுக்கும் பொது. ஆகவே சேர்த்தோம், பகுப்பாக்கமும் கூடவே வந்தது. சிறுவர் பகுதியும் நடமாடும் நூலகமும் வாசகர் சேவை ஆனது. பாடசாலைக் குழுவைத் தொடவே இல்லை. ஒழுங்காக ஓடும் வண்டியின் சில்லைக் கழற்றக் கூடாது.

வெளியே உதாரணம் கேட்பவர்களுக்கு ஒரு வரி வைத்திருங்கள். அமெரிக்க நூலகச் சங்கம் தன் மூன்று பிரிவுகளை 2020 செப்டெம்பரில் ‘கோர்’ என்ற ஒரே பிரிவாக்கியது. அவ்வளவு பெரிய சங்கத்திலேயே செய்தார்கள் என்றால் நம் 112 பேருக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். நான் கேட்டேன், ஓரளவு எடுபட்டது.

5. பிரேரணையை இரண்டு பக்கத்துக்குள் எழுதுங்கள்

முதல் பக்கம் ஓர் அட்டவணை: இடப்பக்கம் பழைய குழு, வலப்பக்கம் அது போய்ச் சேரும் புதிய குழு, நடுவில் காசும் பொருளும் எங்கே போகின்றன. இரண்டாம் பக்கம் விதிகள். எங்களுடையவை இவை:

குழு ஒன்றுக்குக் குறைந்தது எட்டு உறுப்பினர். அமைப்பாளரும் துணை அமைப்பாளரும் இரண்டு வருடம், தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் இல்லை. இருவரும் ஒரே பிரதேச செயலாளர் பிரிவில் இருக்கக் கூடாது. வருடத்துக்கு இரண்டு கூட்டம், ஒரு பக்க அறிக்கை. தனி வங்கிக் கணக்குக் கிடையாது. இரண்டு வருடம் அறிக்கை வராத குழு தானாகவே முடிவடையும், எவரும் போய்க் கலைக்கத் தேவையில்லை. இந்தக் கடைசி விதிக்காகச் சண்டை பிடியுங்கள். அது இல்லாமல் விட்டால் பத்து வருடத்தில் இன்னொருவர் இதே கட்டுரையை எழுதவேண்டி வரும்.

புதிய குழு தொடங்கவும் ஒரு சுலபமான வாசல் விடுங்கள்: எட்டுப் பேர் ஒப்பமிட்ட ஒரு கடிதம், நிர்வாக சபை அடுத்த கூட்டத்தில் பதில் சொல்ல வேண்டும். மூடுவதற்கு மட்டும் விதி இருந்தால் ஆட்கள் பயப்படுவார்கள்.

பழைய குழுவின் ஆட்களைக் கேட்காமல் புதிய குழுவில் தூக்கிப் போடாதீர்கள். ஒரு சின்னப் படிவம் கொடுங்கள்: பெயர், உறுப்புரிமை இலக்கம், எந்தக் குழு (ஆகக்கூடியது இரண்டு), தொலைபேசி இலக்கத்தைக் குழுவினரோடு பகிரச் சம்மதமா. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு கடைசிக் கேள்வியை விட்டுவிட வேண்டாம். எங்களுக்கு 112 இல் 81 படிவம்தான் திரும்பி வந்தது. அது நல்லது. உண்மையான பட்டியல் அதுதான்.

பிரேரணையைத் தமிழிலும் சிங்களத்திலும் ஒரே நாளில் அனுப்புங்கள். ஒரு கிழமை பிந்தி வரும் மொழிபெயர்ப்பு, ‘உங்களுக்குப் பிறகுதான் நாங்கள்’ என்று சொல்வதற்குச் சமம்.

6. திகதி குறிப்பது

இங்கேதான் என் கால் வழுக்கியது. பொதுக் கூட்டத்தை ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் வைத்தேன். ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். மாவட்டத்தில் உள்ள நூலகர் அத்தனை பேரும் கண்காட்சி, பேச்சுப்போட்டி, புத்தக ஊர்வலம் என்று ஓடுகிற மாதம். நூலகர் சங்கத்தின் செயலாளர் அதை மறந்தார் என்று இன்றும் சிரிக்கிறார்கள். கோரம், அதாவது கூட்டம் செல்ல வரவேண்டிய ஆகக்குறைந்த தொகை, 28 பேர். வந்தது 19. கொண்டுவந்த ரோல்ஸில் பாதியைப் பக்கத்துப் பாடசாலை விடுதிக்குக் கொடுத்தோம்.

அதற்கு மேல் நவம்பர், டிசம்பர் மழை. வடகீழ்ப் பருவக்காற்றில் தாழ்ந்த வீதிகளில் வெள்ளம் ஏறினால் மூதூர், வெருகல் பக்கத்தவர் வர முடியாது. ஆகவே பெப்ரவரிக்குத் தள்ளினோம்.

திருகோணமலையில் நாள் குறிக்கும்போது தவிர்க்க வேண்டியவை: வெள்ளிக்கிழமை மதியம், போயா தினம், நோன்பு மாதத்தின் பின்னேரம், சிவராத்திரி, தமிழ் சிங்களப் புத்தாண்டை அண்டிய இரண்டு கிழமை, பாடசாலை மண்டபம் என்றால் பரீட்சைக் காலம். சனிக்கிழமை காலை 9.30 தொடக்கம் 12.30 வரை என்றால் தூரத்தவர் கடைசி பஸ்ஸைப் பற்றி யோசிக்காமல் இருப்பார்கள்.

அறிவித்தல் காலம் யாப்பில் இருக்கும். எங்களுக்கு 21 நாள். அனுப்பிய நாளையும் கூட்ட நாளையும் கணக்கில் சேர்க்காமல் 21 முழு நாள் விடுங்கள், எவரும் கேள்வி கேட்க முடியாது. அறிவித்தலில் ‘யாப்புத் திருத்தம்’ என்ற சொல்லும் திருத்தத்தின் முழு வாசகமும் இருக்க வேண்டும். ‘வேறு விடயங்கள்’ என்பதற்குள் ஒளித்து வைத்தால் பிறகு தீர்மானமே செல்லாது என்று எவராவது எழும்புவார். தபாலில் அனுப்பினால் அனுப்பியதற்கான சிட்டையைக் கோவையில் ஒட்டுங்கள். வட்ஸ்அப்பில் அனுப்ப யாப்பு இடம் கொடுக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

கோரம் சேராவிட்டால் என்ன என்பதும் யாப்பில் இருக்கிறதா பாருங்கள். பல யாப்புகளில் ஒரு கிழமை கழித்து அதே இடத்தில் கூடினால் வந்தவர்களே கோரம் என்று ஒரு விதி உண்டு. எங்களிடம் இல்லை. இந்த முறை திருத்தும்போது சேர்த்துக்கொண்டோம்.

7. கூட்ட நாள்

எல்லாவற்றையும் ஒரே தீர்மானமாகக் கொண்டுவராதீர்கள். ஒரு சொல்லில் பிடித்துக்கொண்டு முழுதையும் தோற்கடிப்பார்கள். நாங்கள் நான்காகப் பிரித்தோம்: யாப்பின் வாசகத்தைத் திருத்துவது, புதிய துணைவிதியை ஏற்பது, பழைய குழுக்களின் காசையும் பொருளையும் மாற்றுவது, மாறுகாலத்தில் யார் பொறுப்பு என்பது. ஒவ்வொன்றுக்கும் முன்மொழிபவர் வேறு, வழிமொழிபவர் வேறு. அவற்றில் ஒன்றை முன்மொழிய அந்த உப்புவெளி ஐயாவையே கேட்டுக்கொண்டோம்.

வாக்கை எண்ணி எழுதுங்கள். ‘ஏகமனதாக’ என்று எழுதுவது எங்கள் பழக்கம். மூன்றில் இரண்டு தேவைப்படும் இடத்தில் அந்தச் சொல் உதவாது. ‘சமுகமளித்தோர் 47, ஆதரவு 41, எதிர்ப்பு 4, நடுநிலை 2’ என்று எழுதுங்கள். வரவு இடாப்பில் ஒப்பம் எண்ணிக்கையோடு பொருந்த வேண்டும். மேலே உள்ள கணக்கைக் கூட்டினால் 47 சரியாக வரும். ஆனால் எங்கள் கூட்டத்தில் முதல் எண்ணிக்கையில் 47 வரவில்லை. 47 பேர் ஒப்பம் வைத்தார்கள், அவர்களில் ஆறு பேர் ஒப்பம் வைத்துவிட்டு வெளியே தேநீருக்குப் போய்விட்டார்கள். ஐந்தாவது வரிசையில் இருந்த ஒருவர் பிறகு வந்து வாக்கை மறு எண்ணிக்கை செய்யச் சொன்னார். எண்ணினோம், வெளியே போனவர்களையும் கூப்பிட்டோம்: 47 இல் 41, 4, 2. ஆகவே வாக்கெடுக்க முன் கதவைச் சாத்துங்கள், தேநீர் அதற்குப் பிறகு.

கூட்டறிக்கையை அன்று மாலையே எழுதி முடியுங்கள். இரண்டு நாள் கழிந்தால் யார் வழிமொழிந்தது என்பது மறந்துபோகும், வங்கி அதைத்தான் கேட்கும்.

8. கூட்டத்துக்குப் பிறகு

முதல் பதினான்கு நாளில்: திருத்திய யாப்பைச் சுத்தமாகத் தட்டச்சு செய்து பதிவு அலுவலகத்தில் கூட்டறிக்கைப் பிரதியோடு ஒப்படையுங்கள். இரண்டு பிரதி கொண்டு போய், ஒன்றில் கிடைத்ததற்கான திகதி முத்திரை வாங்குங்கள். கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) சம்பந்தப்பட்ட உத்தியோகத்தர் வெளிக்கள நாளில் இருக்கமாட்டார், ஆகவே போகுமுன் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். கம்பனியாகவோ சங்கங்கள் கட்டளைச் சட்டத்திலோ பதிவானவர்கள் தங்கள் பதிவாளரிடம் உரிய படிவத்தையும் காலக்கெடுவையும் கூட்டத்துக்கு முன்பே கேட்டு வைத்திருக்க வேண்டும்.

அடுத்த ஒரு மாதத்தில்: வங்கி வேலை, பழைய முத்திரைகளை வாங்கி அழித்தல் (அழித்ததாக ஒரு வரி எழுதிவையுங்கள்), கடிதத்தலைப்பு மாற்றம். பழைய வட்ஸ்அப் குழுக்களை உடனே மூடாதீர்கள். ‘இனிச் செய்திகள் புதிய குழுவில்’ என்று போட்டுவிட்டு நிர்வாகி மட்டும் எழுதக்கூடியதாக மாற்றி, மூன்று மாதம் அப்படியே விடுங்கள். திடீரென்று மூடினால் மனம் புண்படுகிறது. பிறந்தநாள் வாழ்த்துக்கும் ஓர் இடம் வேண்டும்தானே.

செலவும் காலமும்

எங்களுக்குச் செலவானது ஏறக்குறைய 41,000 ரூபாய். அதில் கால்வாசி அந்தத் தோற்றுப்போன ஒக்டோபர் கூட்டத்தின் மண்டபத்துக்கும் சிற்றுண்டிக்கும் போனது. மிச்சத்தில் பெரிய பங்கு இரண்டாவது கூட்டத்தின் தேநீர், மதியச் சாப்பாடு. அதற்கு அடுத்தது போட்டோகொப்பியும் தபாலும். சிங்கள மொழிபெயர்ப்பை உறுப்பினர் ஒருவர் இலவசமாகச் செய்து தந்தார், இல்லாவிட்டால் அதற்கும் ஒதுக்க வேண்டும். என் பஸ் காசை நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். சிட்டை வைத்துக் கேளுங்கள், அடுத்த செயலாளருக்கும் அது வழியாகும்.

காலம்: யாப்பும் எண்ணிக்கையும் மூன்று கிழமை. காசு, பொருள் விசாரணை ஒரு மாதம், அதோடு கூடவே ஊர் ஊராகப் பேசுவது. பிரேரணையும் மொழிபெயர்ப்பும் மூன்று கிழமை. அறிவித்தல் 21 நாள். கூட்டத்துக்குப் பிறகு ஆறு கிழமை. மேயில் தொடங்கினால் செப்டெம்பர் நடுவில், வாசிப்பு மாதத்துக்கு முன்பே முடித்துவிடலாம்.

அலுமாரிச் சாவி மட்டும் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை. பூட்டை உடைக்க நிர்வாக சபை சென்ற மாதம் தீர்மானம் எடுத்திருக்கிறது. முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர் பெயரோடு.